1-ம் தேதி வியாபாரம்

எங்கள் பி.காம் லேபில் எல்லா வியாபாரமும் 1, 2 தேதிகளில்தான் நடக்கும். லைசென்ஸ் வாங்காத டேலியின் எஜுகேஷனல் மோடில் மாதத்தின் சில தேதிகளுக்கு மட்டுமே வவுச்சர் போட முடியும் என்பதால்தான் இந்தக் கூத்து. மீதி நாட்கள் வேண்டுமென்றால் காசு. அது அவர்கள் சரக்கு, விலை வைக்கட்டும். என் கோபமெல்லாம் வேறொன்றைச் சொல்லித் தராத சிலபஸ் மேல்.

குனூகாத்தா என்று இந்தியாவிலேயே எழுதிய கட்டற்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது. இலவசம் என்பதை விடுங்கள், பற்று வரவு உள்ளே எப்படிப் பதிவாகிறது என்று மூலநிரலைத் திறந்தே பார்க்கலாம். பேரேடு படிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கீழமாசி வீதி கடைகளில் 'டேலி தெரியுமா தம்பி?' என்றுதான் கேட்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதையும் படிப்போம்.

மாமா கடைக் கணக்கை குனூகாத்தாவில் போட்டுப் பார்த்தேன். 17-ம் தேதி வாங்கிய பருப்பு 17-ம் தேதியிலேயே ஏறியது.