சுவருக்குக் காப்பு உண்டு, கலைஞருக்கு இல்லை

லண்டன் டவர் பாலத்துக்குத் தென்கரையில் ஷாட் தேம்ஸ் என்றொரு குறுகலான தெரு. இருபுறமும் உயர்ந்த செங்கல் கிடங்குகள். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இரும்பு நடைபாலங்கள். ஆற்றோரக் கிடங்கில் இறக்கிய சரக்கு, அந்தப் பாலங்கள் வழியாகத்தான் பின்வரிசைக் கிடங்குகளுக்கு உருண்டு போனது. 1870களில் எழுந்த பட்லர்ஸ் வார்ஃப் இங்கே பெரிய கட்டடம். கன்டெய்னர் கப்பல்கள் வந்து துறையின் வணிகம் படுத்ததும், 1970களில் காலி மாடிகளுக்குக் கலைஞர்கள் குடிவந்தார்கள். திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மன் அவர்களில் ஒருவர்.

மலிவான வாடகை பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது. டன் கணக்கில் மூட்டை அடுக்கப் போட்ட தளம், சிற்பியின் கல்லையும் அச்சு இயந்திரத்தையும் அலுங்காமல் தாங்கும். மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரக்குக் கதவுகள், உச்சியில் பாரம் தூக்கும் கப்பி. படிக்கட்டில் திரும்பாத ஓவியச் சட்டத்தையும் வெளிப்புறமாக ஏற்றிவிடலாம். தீ பரவாமலிருக்க இத்தகைய கிடங்குகளில் இடையிடையே தடித்த குறுக்குச் சுவர் எழுப்பி இரும்புக் கதவு போடுவார்கள். அருகிலுள்ள டூலி தெருவில் 1861-ல் கிடங்குகள் இரண்டு வாரம் எரிந்ததற்கு அந்தக் கதவுகள் திறந்து கிடந்ததும் ஒரு காரணம். அதே சுவர்தான் பின்னாளில் ஒருவரின் சுத்தியல் சத்தம் அடுத்தவர் காதைத் துளைக்காமல் காக்கிறது.

வெளிச்சம்தான் குறை. கிடங்கைப் போலன்றி, பஞ்சாலையில் ஆட்கள் வேலை பார்த்தார்கள். அதனால் பெரிய சன்னல்கள். மூட்டைக்கு எதற்கு வெளிச்சம்? கிடங்கின் நடுப்பகுதி பகலிலும் மங்கல். ஓவியருக்குச் சரக்குக் கதவே பெரிய சன்னல். லண்டன் குளிரில் அதையும் எத்தனை நேரம் திறந்துவைப்பது?

1979-ல் பட்லர்ஸ் வார்ஃபில் தீப்பிடித்தது. 1980களில் வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரன் அந்தப் பகுதியை அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களுமாக மாற்றினார். அங்கே சரக்காக வந்த ஏலக்காய், லவங்கப்பட்டையின் பெயர்கள் மட்டும் கட்டடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எதிர்க்கரை செயின்ட் கேதரின் துறை 1968-ல் மூடப்பட்டது. ஓவியர்கள் பிரிட்ஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் அதே ஆண்டு தொடங்கிய ‘ஸ்பேஸ்’ அமைப்பு, அங்கே கிடங்கெடுத்து ஸ்டுடியோக்கள் அமைத்தது. அதுவும் சில ஆண்டுகளே. அந்தத் துறையின் பழைய கிடங்குகளில் பெரும்பாலானவை பின்னர் இடிக்கப்பட்டன.

கான்ரனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வராதிருந்தால் தென்கரையிலும் இடிப்பு நடந்திருக்கலாம். கோளாறு பழைய கட்டடங்களைக் காக்கும் விதியில் இருக்கிறது. மரபுப் பட்டியலில் சேர்த்த கட்டடத்தில் அனுமதியின்றிச் செங்கல்லை, சன்னலை, நடைபாலத்தைத் தொட முடியாது. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன வாடகை தருகிறார்கள் என்பது அந்தப் பட்டியலுக்கு விஷயமே இல்லை. கட்டடத்துக்கு மவுசு கூட்டிய கலைஞரே அதனால் முதலில் வெளியேறுகிறார்.

தற்காலிகக் குத்தகையை நம்பி இதைத் தடுக்க முடியாது. கட்டடத்தையே வாங்க வேண்டும். மலிவு வாடகை ஸ்டுடியோக்களுக்காகக் கட்டடங்களை வாங்கும் ‘கிரியேட்டிவ் லேண்ட் டிரஸ்ட்’ லண்டனில் 2019-ல்தான் தொடங்கியது. பட்லர்ஸ் வார்ஃபுக்கு அது நாற்பது ஆண்டுகள் தாமதம்.