மருந்துக்கு மாற்று இல்லை

இல்லாத பொருளுக்கு மாற்றுக் காண்பதில் யாழ்ப்பாணத்தவரை வெல்ல எவருமில்லை என்பது எமது பெருமைகளுள் ஒன்று. 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது மின்சாரம் போயிற்று. பெற்றோல், மின்கலம், சவர்க்காரம் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலில் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். பனம்பழத்தைக் கொண்டு துணி தோய்த்தோம். அச்சுத்தாள் இல்லாத நாள்களில் கிடைத்த தாளிலெல்லாம் பத்திரிகை அச்சாயிற்று. "இது இல்லையென்றால் அது" என்பதே எமது தலைமுறையின் தாரக மந்திரம்.

அந்த மந்திரம் பலிக்காத இடம் ஒன்று உண்டு. அது வெடிமருந்து.

இதனை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் எமது பிள்ளைகளுள் சிலர் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். சுட்டு முடித்த வெற்றுக் கோதுகளுக்குள் புதிய கேப்பும் மருந்தும் சன்னமும் இட்டுத் தாமே ரவை தயாரிப்பது அங்கே சட்டத்துக்கு உட்பட்ட, பழைமையான ஒரு கைவேலை. நண்பர் ஒருவரின் மகன் அண்மையில் என்னிடம் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, .357 மக்னம் ரிவோல்வருக்கு மருந்து தேடுகிறேன். புத்தகத்தில் போட்டிருப்பது கடையில் இல்லை. அதைப் போலவே இன்னொன்று இருக்கிறது. அதைப் போட்டால் என்ன?"

போட்டால் என்ன என்பதற்கான விடை, அந்த மருந்துகளின் இயல்பிலேயே இருக்கிறது.

எமது முன்னோர் அறிந்த கருமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. 1884 இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் புகையற்ற மருந்தை உருவாக்கிய பின்னர் நிலைமை மாறிற்று. புதிய மருந்தில் ஒரு சிறு அளவே பழைய மருந்தின் பெருமளவுக்கு ஈடு. 1898 இல் தோன்றிய .38 ஸ்பெஷல் ரவையின் கோது கருமருந்தின் கொள்ளளவுக்கு அமைந்தது. அதற்குள் இன்றைய வேகமான மருந்து இடப்படும்போது கோதின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கும். கவனப் பிசகால் ஒரே கோதுக்குள் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் சன்னம் அமர இடம் மிஞ்சும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும்.

1935 இல் வந்த .357 மக்னம், அதே கோதை ஏறத்தாழ எட்டிலொரு அங்குலம் நீட்டியதன் விளைவு. பழைய ரிவோல்வர்களுக்குள் அது நுழைந்துவிடக்கூடாது என்பதற்காகவே அந்த நீளம். .38 ஸ்பெஷலுக்கு வரையறுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல், மக்னத்துக்கு 35,000. இந்த அழுத்தம் முழுவதும் சுடுபவரின் கைக்குச் சற்று மேலே, மெல்லிய உருக்குச் சுவர்களுக்குள் எழுகிறது.

மருந்துகளுக்கிடையிலான வேறுபாடு எரியும் வேகத்தில் இருக்கிறது. பன்னாடை குப்பென்று பற்றி அடங்கும். ஊமல் நின்று எரியும். இரண்டும் பனைதான், இரண்டும் விறகுதான். ஆயினும் ஒன்றின் அளவில் மற்றதை அடுப்பில் வைக்க எந்த இல்லத்தரசியும் நினைப்பதில்லை. புல்ஸ் ஐ என்பது பன்னாடை வகை, யுனிக் நடுத்தரம், 2400, எச் 110 ஆகியன ஊமல் வகை. மெதுவான மருந்துக்கென எழுதப்பட்ட அளவில் வேகமான மருந்தை இட்டால் துப்பாக்கி உடையும். சுடுபவரின் விரல்களும் கண்ணும் போகலாம்.

பெயரையும் நம்ப முடியாது. எச் 110 உம் டபிள்யூ 296 உம் வெவ்வேறு பெயரில் விற்கப்படும் ஒரே மருந்து. ஆனால் 4895 என்ற ஒரே எண்ணைத் தாங்கி இரு பெயர்களில் விற்கப்படும் ரைபிள் மருந்துகள் ஒன்றல்ல. நிறமும் மணியின் வடிவமும் அடையாளம் ஆகா.

"அப்படியானால் குறைத்துப் போடுவோம்" என்று பொதுப்புத்தி சொல்லும். அதுவும் எல்லா வேளையிலும் சரியல்ல. பெரும்பாலான மருந்துகளுக்கு அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறுவதே முறை. எச் 110 போன்றவற்றை அச்சிட்ட அளவுக்குக் கீழே குறைக்கவேண்டாம் எனத் தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். போதிய அழுத்தம் இல்லாவிடில் அது ஒழுங்காக எரியாது. சன்னம் குழலுக்குள்ளேயே சிக்கும். அதை அறியாமல் அடுத்த ரவையைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

எனவே புதிதாகத் தொடங்குபவருக்கு எனது கருத்து இது. மிக வலிய ரவையைத் தேடாதீர்கள். தமது சன்னத்துக்கும் கோதுக்கும் கேப்புக்கும் தயாரிப்பாளரின் இன்றைய அட்டவணையில் இடம்பெற்ற மருந்துகளுள், கோதை நன்கு நிரப்பும் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். இருமுறை விழுந்தால் கண்ணுக்குத் தெரியும் மருந்தே தொடக்கக்காரரின் நண்பன். மேசையில் ஒரு மருந்து மட்டும், அதன் சொந்தக் கொள்கலத்தில் இருக்கட்டும். தராசு இன்றித் தொடங்காதீர்கள். இங்கே அளவு கிரெயினில். எமது பொற்கொல்லர் அறிந்த ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயின் எடை. அத்தகைய ஒரு மணியளவுப் பிழையே ஆபத்தாகிவிடும் வேலை இது. சன்னத்தை அமர்த்துமுன் ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் பாருங்கள். எழுதியிருக்கும் மருந்து கடையில் இல்லையெனில் வெறுங்கையுடன் வீடு திரும்புங்கள்.

இங்கே, எமது மண்ணில், இந்தக் கைவேலைக்கு இடமில்லை. 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் அனுமதிப்பத்திரமின்றி எதையும் வைத்திருக்க விடா. ஆயினும் மருந்தோடு விளையாடியவர்கள் எம்மிடையே குறைவல்லர். வன்னியில் இடியன் துவக்குக்கு மருந்திட்டவர்கள் கைக்கணக்கில் இட்டார்கள். குழல் பிளந்த கதைகள் அங்கே புதியன அல்ல. போருக்குப் பின்னர் பழைய இரும்புக்காக வெடிக்காத எறிகணையைக் கழற்றியவர்களும் கைக்கணக்கையே நம்பினார்கள். அந்த அறிவு ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனது. பிழைத்தவர் மட்டுமே அதைச் சொன்னார். பிழைக்காதவரின் பாடம் எவருக்கும் கிட்டவில்லை.

இதற்கு நேரெதிரானது முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோரின் வேலை. எமது ஊர்ப் பெண்கள் பலரும் அதில் இருக்கிறார்கள். வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக முன்னேறும் அவர்களிடம் சொந்தச் சாமர்த்தியத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எழுதிவைத்த ஒழுங்கிலிருந்து விலகாதிருப்பதே அங்கே திறமை.

மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள் புகைத்தது, இருமியது, இடையில் நின்றது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். மாற்றுவழியில் நேர்ந்த பிழையை அந்த இயந்திரம் மன்னித்தது. தள்ளிக்கொண்டு போக முடிந்த இடத்தில் மட்டுமே "இது இல்லையென்றால் அது" என்பது புத்திசாலித்தனம். வெடிமருந்து எவரையும் இறங்கித் தள்ள விடுவதில்லை.