ஆயாக்கொட்டகைக்கு வரட்டும் பல் மிஸ்ஸி

"பால் பல்லுதானே, விழுந்து முளைக்கப் போவுது. அதுக்குப் போயி ஒரு நாள் சம்பளத்தை விடுவாங்களா?"

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்குச் சங்க வேலையாகப் போகும்போதெல்லாம் இந்தப் பேச்சு நம் காதில் விழுகிறது. சொல்லுகிற தாயைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிறவள் அவள். பட்டணத்துக் கிளினிக்கில் பிள்ளைக்குக் கட்டணமில்லை என்றாலும், போய் வருவதற்குள் அன்றைய கூலி போய்விடும்.

சென்ற ஆண்டு ஒரு தோட்டத்துக்குச் சம்பள பாக்கி பேசப் போயிருந்தோம். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே லயத்தில் ஒரு பிள்ளை அழுகிற சத்தம். நாலு வயது, கன்னம் வீங்கிக் கண் வரை ஏறியிருந்தது. மூன்று ராத்திரியாகத் தூக்கம் இல்லையாம். வாயைத் திறந்து பார்த்தால் மேல் முன்பற்கள் நான்கும் கறுத்து அடிக்கட்டையாக நிற்கின்றன. பாக்கிப் பணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று கிராணியிடம் சொல்லிவிட்டு, பிள்ளையையும் தாயையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம்.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. டின் பாலைக் கரைத்துப் புட்டியில் ஊற்றி வாயில் வைத்தால்தான் பிள்ளை தூங்கும் என்பது தாத்தா பாட்டி காலத்துப் பழக்கம். இரவெல்லாம் அந்தச் சர்க்கரை பல்லில் ஊறிக் கிடக்கிறது. விழப்போகிற பல்தானே என்றால், கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து சோறு மெல்ல வேண்டியவை. அதுவரை பிள்ளை வலியோடு பள்ளிக்கூடம் போவதா?

இது தோட்டத்துப் பிள்ளைகளின் கதை மட்டுமல்ல. 2015ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கெடுப்பில், நாட்டில் 5 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 71 பேருக்குச் சொத்தை. ஆனால் பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு காவல் உண்டு. குழாய்த் தண்ணீரில் புளோரைட் கலப்பதென்று 1972ல் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆற்றுத் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் தொட்டியில் ஏற்றிக் குடித்த லயங்களுக்கு அந்தக் காவல் எப்படி வந்து சேரும்? 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் பொதுக் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. நிர்வாகங்களிடம் கேட்டால், மெயின் பைப்பு தூரமாக இருக்கிறது என்பார்கள்.

தண்ணீர் வருகிறவரை பிள்ளையின் பல் காத்திருக்குமா? அதற்குத்தான் புளோரைட் வார்னிஷ். வார்னிஷ் என்றதும் நாற்காலிக்கு அடிக்கிற சாமான் ஞாபகம் வரும். பெயர் அப்படி அமைந்துவிட்டது. 1964ல் ஜெர்மனியில் செய்யப்பட்ட மருந்து இது. பைன் மரத்துப் பிசினில் சோடியம் புளோரைட்டைக் கலந்திருப்பார்கள். மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த சனத்துக்கு மரத்துப் பிசின் அன்னியமா என்ன!

பல்லைத் துடைத்துவிட்டுச் சின்ன பிரஷால் பூச வேண்டியதுதான். எச்சில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். சில நிமிட வேலை. ஊசி இல்லை, இயந்திரம் இல்லை, கரண்டும் வேண்டாம். அன்றைக்குக் கெட்டியான பண்டம் கூடாது. மறுநாள் காலையில் பல் துலக்கினால் போதும். கொஞ்ச நேரம் பல் மஞ்சளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். வாயில் புண்ணோ கடுமையான ஆஸ்துமாவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பூச வேண்டும். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, இந்தப் பூச்சினால் பால் பல் சொத்தை 100க்கு 37 பங்கு குறைகிறது என்கிறது. முழுக் காப்பு அல்ல. புட்டிப் பாலை நிறுத்தாவிட்டால் பூசியும் பாதிப் பலன்தான்.

நாம் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில், பல் மிஸ்ஸி வருகிறார் என்றால் பாதிப் பேர் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிவோம். 1949ல் பினாங்கில் தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்த சேவை அது. குறட்டையும் பஞ்சையும் கண்டு ஓடினோமே தவிர, நம்மில் பலருக்கு இன்று வாயில் பல் இருப்பது அந்த அம்மாக்களின் புண்ணியம். ஆனால் அவர்கள் பள்ளிக்கு வரும்போது பிள்ளைக்கு ஏழு வயது. சொத்தையோ இரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளி வயது வராத பிள்ளைகளின் பல்லுக்கென்று சுகாதார அமைச்சு 2008ல் வழிகாட்டியே போட்டது. மேலுதட்டைத் தூக்கிப் பார், ஈறோரம் வெள்ளைக் கோடு தெரிந்தால் கவனி என்பது அதன் பாடம். அந்தப் பாடம் செம்பனைக் காட்டு மண்பாதையில் எத்தனை மைல் உள்ளே வந்திருக்கிறது?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. தாயைக் கூலியை விட்டுவிட்டுக் கிளினிக்குக்கு வா என்பதைவிட, மிஸ்ஸி ஆறு மாதத்துக்கு ஒரு காலை ஆயாக்கொட்டகைக்கு வரட்டும். பிள்ளைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஆயாவும் கூட இருப்பார். கொட்டகை மூடிக்கிடக்கும் தோட்டத்தில் கோயில் மண்டபம் போதும். நிர்வாகம் மாவட்டப் பல் மருத்துவ அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன குறைந்துவிடும்? எழுதாவிட்டால் நாம் எழுதுவோம்.

தோட்டத் தலைவர்மார்கள் மூன்று விஷயங்களை மட்டும் குறித்துக் கொடுங்கள்: ஆறு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், பகலில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது. இந்த மாதச் சம்பள நாளன்று அந்தத் தாள் எங்கள் கைக்கு வரட்டும்.