மடத்துத் தோட்டத்துப் பட்டாணி

குடும்பப் பொறுப்பேற்றுப் பல ஆண்டுகள் சென்றபின், 'எதற்காக உழைக்கிறோம்?' என்னும் வினா நம்மை உறுத்துவதுண்டு. விடையை எங்கெங்கோ தேடும் நாம், சிறுவயதில் எதன்மேல் உயிராயிருந்தோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆஸ்திரியப் பேரரசின் உழவர் குடும்பமொன்றில் 1822இல் பிறந்தவர் கிரகோர் மெண்டல். தந்தையாருடன் பழமரங்களைப் பேணியும் தேனீ வளர்த்தும் மகிழ்ந்தவர். 1843இல் அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்தார். நோயாளிகளைச் சந்திக்கும் பணியில் அவரே நோயுற்றார். ஆசிரியர் தேர்விலோ இருமுறை முயன்றும் தேறவில்லை. இரண்டாம் முறை தேறாத அதே 1856இல், மடத்துத் தோட்டத்தில் பட்டாணி விதைத்தார்! எட்டாண்டுகளில் ஏறத்தாழ 28,000 செடிகள், சலியாமல் எண்ணினார். மரபுவழி விதிகள் வெளிப்பட்டன. (மடத்தலைவர் தடுக்காததும் பாராட்டுக்குரியதே.) அதன் அருமையை உலகம் உணர்ந்தது 1900இல், அவரோ 1884இலேயே மறைந்துவிட்டார். ஆயினும், செடிகளிடையே கழிந்த அவ்வாண்டுகள் அவருக்குச் சுமையாயிருந்திருக்குமா?

நம் பரண்மேல் உறங்கும் ஆர்மோனியத்தை இவ்வாரமே இறக்கித் துடைப்போம்.