கட்டிய கார் ஓடும்... நிற்குமா? சொந்தமாகக் கார் செய்பவர்கள் பிரேக், ஸ்டீயரிங் சிக்கலை எங்கே தேட வேண்டும்?

2021 டிசம்பரில் ஒரு வீடியோ இந்தியா முழுக்கச் சுற்றியது. மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் பழைய இரும்பையும் பைக் பாகங்களையும் சேர்த்து ஒரு குட்டி ஜீப் கட்டியிருந்தார். ஆனந்த் மஹிந்திரா அதைப் பகிர்ந்து, அந்த வண்டியைக் கொடுத்தால் ஒரு பொலிரோ தருவதாகச் சொன்னார். அடுத்த மாதமே பொலிரோ கைமாறியது. விதிமுறைகளுக்குள் வராத வண்டி என்பதால் அதிகாரிகள் என்றாவது தடுத்துவிடுவார்கள் என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த வரிக்கு யாரும் லைக் போட்ட மாதிரி தெரியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ரீல்ஸ் வந்துவிட்டன. நான் பார்த்த வரையில் எல்லாவற்றிலும் ஒரே கதைதான். வெல்டிங் பொறி பறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், வண்டி தெருவில் ஓடும், ஊரே கைதட்டும். அது எப்படி நிற்கிறது என்பதை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

இந்த விஷயத்தில் பிரிட்டனுக்கு அறுபது வருஷத்துக்கும் மேலான அனுபவம் இருக்கிறது. அங்கே இதற்குப் பெயர் கிட் கார். 1957-ல் காலின் சாப்மேன் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் இந்த வகையின் பெரியண்ணன். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. அதனால் பாகங்களை வாங்கி வீட்டு ஷெட்டில் பூட்டிக்கொண்டார்கள். 1996-ல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை உடைத்து, 250 பவுண்டிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்றது. இரும்புக் குழாயை அறுத்து சேஸிஸைக்கூட நாமே வெல்டிங் செய்ய வேண்டும்.

இப்படிக் கட்டிய கார்களில் அடிக்கடி வரும் இரண்டு தலைவலிகள் பிரேக்கும் ஸ்டீயரிங்கும்தான். என் கருத்து இது: பெரும்பாலும் பாகத்தில் கோளாறு இருக்காது, அளவில்தான் இருக்கும். கம்பெனி காரில் எந்தப் பாகம் எங்கே, எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதை இன்ஜினீயர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். தேய்ந்ததை மாற்றினால் சரியாகிவிடும். வீட்டில் கட்டிய காரில் அந்த முடிவை எடுத்தது நீங்கள். அதை யாரும் சரிபார்க்கவில்லை. அதனால் "பிரேக் பிடிக்கலையா, புது மாஸ்டர் சிலிண்டர் போடு" என்ற மெக்கானிக் ஷெட் மருந்து இங்கே வேலை செய்யாது. சில சமயம் நிலைமையை மோசமாக்கும்.

எப்படி என்று பார்ப்போம். பெடலை மிதித்தால் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. உடனே தோன்றுவது "இன்னும் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடலாம்" என்பதுதான். கணக்கு போட்டுப் பாருங்கள். காலால் 30 கிலோ அழுத்துகிறீர்கள். பெடலின் நெம்புகோல் விகிதம் 5-க்கு 1 என்றால் சிலிண்டருக்குப் போவது 150 கிலோ. சிலிண்டரின் உள்விட்டம் 19 மி.மீ. என்றால் அதன் பரப்பு சுமார் 2.84 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் கிட்டத்தட்ட 53 கிலோ அழுத்தம். இதையே 25.4 மி.மீ. சிலிண்டருக்கு மாற்றினால் பரப்பு 5.07 ஆகிவிடும், அழுத்தம் 30 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். பெரிய சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ளும். அதனால் பெடல் குறைவாக இறங்கும், கெட்டியாகத் தெரியும். ஆனால் பிரேக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருக்கும். கெட்டியான பெடல் என்றால் நல்ல பிரேக் என்று நம்புகிறோம் பாருங்கள், அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

எஸ்கார்ட்டில் இருந்த பிரேக் பூஸ்டரைக் கழற்றிவிட்டு அதே சிலிண்டரையும் பெடலையும் வைத்தாலும் இதே கதைதான். பூஸ்டர் இல்லாத காருக்குப் பெடல் விகிதம் 5, 6 என்று இருக்க வேண்டும். பூஸ்டர் உள்ள காரின் பெடலில் அது 4-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் லைனில் ஏர் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நாலு தடவை ஏர் எடுத்தும் போகவில்லையா? முன் சக்கர கேலிபர்களைப் பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடது கேலிபரை வலப்பக்கம் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேதான் நிற்கும், நீங்கள் கீழே திறந்துகொண்டே இருப்பீர்கள். அதுவும் சரியாக இருந்தால் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, பெடல் பூட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். மெல்லிய தகடு வளைந்துகொடுப்பதும் காலுக்கு ஏர் மாதிரியேதான் தெரியும்.

கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது, ஆறியதும் விட்டுவிடுகிறதா? பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ராட் இறுக்கமாக இருக்கலாம். கொஞ்சம் ப்ளே இல்லையென்றால், சூட்டில் விரியும் ஆயில் டேங்க்குக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும்.

ஸ்டீயரிங்குக்கு வருவோம். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் கேலிபர் ஜாம் என்றுதான் நினைப்போம். இருக்கலாம். ஆனால் கட்டிய காரில் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். பிரேக் அடித்தால் முன்பக்கம் கீழே அமுங்கும். அப்போது சக்கரமும், அதைத் தாங்கும் விஷ்போன் கைகளும் ஒரு வளைவில் நகரும். டை ராட் தனக்கென்று ஒரு வளைவில் நகரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரம் திரும்பும். இதற்கு பம்ப் ஸ்டீயர் என்று பெயர். பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி துள்ளி விலகுவதும் இதனால்தான். வீல் அலைன்மென்ட் கடையில் இது தெரியாது. அங்கே வண்டி அசையாமல் நிற்கிறதே!

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை 10 மி.மீ. 10 மி.மீ. ஆக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் அதன் முன் விளிம்பும் பின் விளிம்பும் எவ்வளவு நகர்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது ஒரு பக்கமும் இறக்கும்போது எதிர்ப்பக்கமும் திரும்பினால் ஸ்டீயரிங் ரேக்கின் உயரம் தப்பு. ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராடின் நீளம் பொருந்தவில்லை. முதலாவது வாஷர் வைத்துச் சரிசெய்யக்கூடியது. இரண்டாவது கொஞ்சம் அழ வைக்கும்.

ஸ்டீயரிங் ஒரு சுற்றில் இரண்டு முறை இறுகி இரண்டு முறை இளகினால் ரேக்கைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டீயரிங் ராடில் உள்ள இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட்டுகளின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வண்டி நேராகப் போகாமல் அலைபாய்ந்தால் முதலில் டயர் காற்று. 550 கிலோ காருக்கு எஸ்கார்ட் அளவில் காற்று அடித்தால் அப்படித்தான் இருக்கும். செவன் மாதிரியான கார்களுக்கு 20 பி.எஸ்.ஐ. பக்கம் போதும்.

இதையெல்லாம் கட்டுபவரின் மனசாட்சிக்கு மட்டும் பிரிட்டன் விட்டுவிடவில்லை. அங்கே ஐ.வி.ஏ. என்ற தனி வாகனச் சோதனை இருக்கிறது. 2009-ல் தொடங்கியது, அதற்கு முன்னாலும் இன்னொரு பெயரில் இருந்தது. ஒரே ஒரு கார் கட்டியவரும் அங்கே எடுத்துப் போகலாம். முன் சக்கரத்துக்கு முன்னால் பின் சக்கரம் லாக் ஆகக் கூடாது. முன்-பின் பிரேக் பங்கீட்டை மாற்றும் திருகு இருந்தால் அது அசையாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். திருப்பத்தில் கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப முனைய வேண்டும். இதில் தேறாமல் திரும்பி, சரிசெய்து, மறுபடி வருகிறவர்கள் உண்டு. சோதனையின் பயனே அதுதானே.

நம் நாட்டில் அந்தக் கதவே இல்லை. மோட்டார் வாகன விதி 126-ன்படியான மாதிரி வாகனச் சோதனை கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது. தனி ஆளுக்கு அது எட்டாத உயரம். பதிவான வண்டியை மாற்றுவதற்கும் சட்டத்தின் 52-வது பிரிவு கடிவாளம் போடுகிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொன்னது. தடை இருந்தும் கட்டுவது நிற்கவில்லை. சோதனை இல்லாமல் ஊர் ரோட்டில் ஓடுகிறது, அவ்வளவுதான். "நம்ம ரோட்டுக்கு இது தேவையா?" என்ற கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் சோதனை கேட்கிறேன். ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோவை காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவருகிறார்கள். ஓடி வந்து பிரேக் அடித்தால் நான்கு சக்கரமும் லாக் ஆகி வண்டி நேராக நிற்க வேண்டும், இல்லையென்றால் டிராக்கில் இறங்க முடியாது. சோதிக்கத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஷெட்டில் ஒரு வண்டி நிற்கிறதா? ரோட்டுக்கு எடுக்காதீர்கள். சொந்த இடத்தில், ஆள் இல்லாத மைதானத்தில், 20 கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள். பிரேக், ஸ்டீயரிங் நட்டு எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு, நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு எங்கே விலகியிருக்கிறதோ அந்த நட்டு சுற்றியிருக்கிறது.