பின்வாசலைப் பூட்டினதுக்கு எதுக்குய்யா இவ்வளவு ஒப்பாரி?

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கும் எழுதற மூடெல்லாம் இல்ல. ஆனா போன வாரம் கூடப் படிச்ச பசங்களோட போட்ட ஒரு சண்டை இன்னும் வயித்துக்குள்ள கொதிச்சுக்கிட்டே கிடக்கு. இங்க இறக்கி வச்சுடறேன்.

சண்டை லினக்ஸ் கெர்னல் பத்தி. (சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்க. கொஞ்சம் பொறுத்துக்கிட்டீங்கன்னா எடைமேடை, லாரி, நான் சித்தப்பாகிட்ட வாங்கின திட்டு எல்லாம் வரும்.)

கெர்னலுக்குள்ள ஆயிரக்கணக்குல ஃபங்ஷன் இருக்கு. வெளியில இருந்து வந்து ஒட்டிக்கிற ஒரு மாட்யூல், அதாவது ஒரு டிரைவர், அது எல்லாத்தையும் கூப்பிட முடியாது. எந்த ஃபங்ஷனுக்குக் கீழ 'எக்ஸ்போர்ட் சிம்பல்'னு கெர்னல்காரங்க எழுதி வச்சிருக்காங்களோ அதை மட்டும்தான் கூப்பிடலாம். 2001-ல 'எக்ஸ்போர்ட் சிம்பல் ஜிபிஎல்'னு இன்னொரு ரகம் வந்துச்சு. ஜிபிஎல் உரிமத்துக்கு ஒத்துப்போற மாட்யூலுக்கு மட்டும் அந்தக் கதவு திறக்கும். 2025-ல அதுக்கும் மேல ஒரு படி போய், ஒரு சிம்பலை இன்ன மாட்யூலுக்கு மட்டும்னு பேர் சொல்லிக் கொடுக்கற வசதியைச் சேர்த்தாங்க. நம்ம பசங்களுக்கு அதுதான் எரிச்சல். "மறுபடியும் ஒரு பூட்டு. லினக்ஸ்காரனுக்கு எப்பவுமே திமிர்டா. விண்டோஸ்ல பத்து வருச டிரைவர் இன்னும் ஓடுது தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சாங்க.

எங்க ஊர் பரமத்தி வேலூர். ஜேடர்பாளையத்துல காவிரியில இருந்து பிரிஞ்சு வர்ற ராஜவாய்க்கால் தண்ணியிலதான் எங்க பக்கத்து வாழையும் வெத்தலைக்கொடியும் உயிர் வாழுது. மதகு வழியா பாயற தண்ணிக்குக் கணக்கு இருக்கும். கரையில மோட்டாரப் போட்டு உறிஞ்சறவனுக்கு ஏது கணக்கு? கடைமடைக்காரன் வயல் காயும்போதுதான் விஷயமே தெரிய வரும். எங்க அப்புச்சி இதுக்காக ஒருத்தர்கிட்ட ஆறு வருசம் பேசாம இருந்தார். எக்ஸ்போர்ட் ஆன சிம்பல் மதகு. கால்சிம்ஸ் லுக்கப் நேம் இருக்கே, அது மோட்டார்.

கால்சியம் மாத்திரை இல்லீங்க, கால்சிம்ஸ். ஒரு ஃபங்ஷனோட பேரைக் கொடுத்தா அது மெமரியில எங்க உக்காந்திருக்குன்னு சொல்லிடும். எக்ஸ்போர்ட் ஆகியிருக்கா இல்லையாங்கற கேள்வியே கிடையாது. அட்ரஸ் கிடைச்சுதா, நேரா போய்க் கூப்பிட வேண்டியதுதான். மத்த எல்லாக் கதவுக்கும் பூட்டு போட்டுட்டு சாவிக்கொத்தைத் திண்ணையில வச்ச கதை. 2020 மே கடைசியில வந்த 5.7-ல இந்த ஃபங்ஷனோட எக்ஸ்போர்ட்டைத் தூக்கிட்டாங்க.

இப்ப எடைமேடைக் கதை.

2021 ஆரம்பம். கொரோனா புண்ணியத்துல வேலூர்ல உக்காந்து பொட்டி தட்டிட்டிருந்தேன். சித்தப்பாவுக்கு ஒரு எடைமேடை இருக்கு. அங்க இருந்த கம்ப்யூட்டர்ல உபுண்டு போட்டுக் கொடுத்தது நான்தான். மதர்போர்டுல ஒரே ஒரு சீரியல் போர்ட். எடை காட்டற இண்டிகேட்டர், வெளிய மாட்டின பெரிய டிஸ்ப்ளே, பில் அடிக்கற பிரிண்டர்னு மூணு வேணும். அதனால நாலு போர்ட் இருக்கற கார்டு ஒண்ணு வாங்கினோம். கூடவே ஒரு சிடியில டிரைவர். கம்பெனி பேர் வேண்டாம். ஒரு வருசம் ஒழுங்கா ஓடுச்சு. ஒரு நாள் காலையில அப்டேட் தானா இறங்கி, 5.4-ல இருந்த கெர்னல் 5.8 ஆயிடுச்சு. கார்டு செத்துப்போச்சு.

தேங்காய் லோடு ரெண்டு, கரும்பு ஒண்ணு, பின்னாடி வரிசையா குட்டியானை. சித்தப்பா நோட்டுல கையால எழுதிக்கிட்டே, "ஏங்கண்ணு, ஊரே விண்டோஸ் போட்டிருக்குது, நீ மட்டும் எதுக்கு எனக்கு இந்தக் கருமத்தைப் போட்டுவுட்ட?"ன்னார். டிரைவர்காரங்க முன்னாடியே. மூஞ்சியை எங்க வச்சுக்கறது?

சிடியில இருந்த டிரைவரைத் திரும்ப கம்பைல் பண்ணிப் பாத்தேன். கால்சிம்ஸ் லுக்கப் நேம் அன்டிஃபைன்ட்னு முகத்துல அடிச்சுது. உள்ள போய்ப் பாத்தா மேல ஒரு சின்ன சோர்ஸ் ஃபைல், அதுல 'லைசென்ஸ் ஜிபிஎல்'னு ஒரு வரி. அதே ஃபோல்டர்ல சோர்ஸே இல்லாத ஒரு பைனரி. அந்த பைனரிக்குத் தேவையான நாலஞ்சு அட்ரஸை கால்சிம்ஸ் வச்சு எடுத்துக் கொடுக்கறதுதான் சின்ன ஃபைலோட மொத்த வேலையும். திருட்டு ஒண்ணும் புதுசு இல்ல. 2004-லயே லினக்ஸன்ட்டோட மோடம் டிரைவர் உரிம வரியில ஜிபிஎல்னு எழுதி, அடுத்து ஒரு பூஜ்ய எழுத்தைச் சொருகி, அதுக்கப்புறம் மிச்சத்தை எழுதினது மாட்டிக்கிட்டுது. பூஜ்யம் வந்ததும் கெர்னல் படிக்கறதை நிறுத்திடும், மிச்சம் கண்ணுல படாது.

இதைப் பாத்ததும் எனக்குக் கோவம் வரல. திக்குன்னு ஆச்சு. முந்தின வருசம் என் முதல் வேலையில இதே வரியை நானே எழுதியிருந்தேன். "எக்ஸ்போர்ட் ஆகலையா? கால்சிம்ஸ்ல எடுத்துக்கோ, வெள்ளிக்கிழமை டெலிவரி"ன்னாங்க, எடுத்தேன். 5.7 வந்து அது உடைஞ்சதும், கேப்ரோபை வச்சு அதே அட்ரஸைத் திருடற வழியும் சொல்லிக் கொடுத்தாங்க. அதையும் செஞ்சேன். எவனோ ஒரு சித்தப்பா எங்கயோ நோட்டுல எழுதிட்டு நிப்பார்னு அப்பத் தோணவே இல்ல.

அதனாலதான் சொல்றேன், பூட்டினவன் மேல தப்பு இல்ல. நான் பைதான்ல எழுதின பில் அடிக்கற புரோகிராம் 5.4-லயும் ஓடுச்சு, 5.8-லயும் ஓடுச்சு, இன்னிக்கு இருக்கற கெர்னல்லயும் ஒரு எழுத்து மாத்தாம ஓடுது. யூசர் பக்கத்துக்குக் கொடுத்த வாக்கை உடைக்கக் கூடாதுங்கறதுல டார்வால்ட்ஸ் எவ்வளவு கறார்னு எல்லாருக்கும் தெரியும். உள்பக்கத்துக்கு அப்படி ஒரு வாக்கு எப்பவுமே கொடுத்ததில்ல. கெர்னலோட டாகுமெண்டேஷன்லயே வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க. கொடுக்காத வாக்கை நம்பிக் கடை போட்டவன், கடை இடிஞ்சதும் ஊரைத் திட்டினா எப்படி?

பாதுகாப்பு இன்னொரு பக்கம். சிஸ்டம் கால் டேபிளை எக்ஸ்போர்ட் பண்றதை 2.6 காலத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க. ரூட்கிட் எழுதறவன் நேரா அங்கதான் கை வைப்பான். சில ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் அதையேதான் செஞ்சாங்க. கால்சிம்ஸ் திறந்து கிடந்த வரைக்கும் அந்தத் தடைக்கு மரியாதையே இல்லாம இருந்துச்சு.

"அப்ப நிலையான இன்டர்ஃபேஸே கேக்கக் கூடாதா?" கேளுங்க, ஆனா விலையையும் பாருங்க. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் அதைச் செய்யுது. 5.10 கெர்னலோட ஆண்ட்ராய்டு 12-ல வந்த போன்கள்ல இருந்து, ஃபோன் கம்பெனிகளோட மாட்யூல்களுக்குத் தேவையான சிம்பல்களை ஒரு பட்டியல்ல போட்டு உறைய வைக்கறாங்க. பட்டியல்ல இல்லாதது கிடைக்காது. பட்டியல்ல வேணும்னா கம்பெனிதான் கேட்டு வாங்கணும். அதுவும் அந்த ஒரு கிளைக்கு மட்டும்தான் உத்தரவாதம், அடுத்த கெர்னலுக்கு வேற பட்டியல். நிலையா இருக்கணும்னா பூட்டு இன்னும் இறுகத்தான் செய்யும். நம்ம பசங்க ரெண்டையும் ஒரே மூச்சுல கேக்கறாங்க.

ஒரு இடத்துல மட்டும் நான் கெர்னல்காரங்களோட சேர மாட்டேன். 2019-ல 5.0 வந்தப்ப, பிராசஸரோட எஃப்பியூவை மாட்யூல்கள் பயன்படுத்தறதுக்கு இருந்த ஒரு சாதாரண எக்ஸ்போர்ட்டைத் தூக்கிட்டாங்க. மிஞ்சினது ஜிபிஎல் ரகம் மட்டும். இசட்எஃப்எஸ் அடிபட்டுச்சு. அவங்க சோர்ஸை ஒளிச்சு வைக்கல, யார் வேணா படிக்கலாம். உரிமம் ஒத்துப்போகல, அவ்வளவுதான். கடைசியில அவங்களே எஃப்பியூ நிலையைச் சேமிச்சு மீட்கற கோடை எழுத வேண்டியதாச்சு. திறந்த சோர்ஸ்காரனையும் பைனரியை ஒளிச்சு வச்சவனையும் ஒரே தராசுல நிறுத்தினது எனக்குப் பிடிக்கல. ஜிபிஎல் ஒட்டு எந்த சிம்பலுக்கு, ஏன்னு கேட்டா பல இடத்துல எழுதினவரோட மனசுதான் பதில். அதைத் திட்டுங்க, நானும் சேந்து திட்டறேன்.

சித்தப்பா விஷயத்துக்கு வர்றேன். அன்னிக்கு கிரப் மெனுவுல பழைய 5.4-ஐத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன், மத்தியானத்துக்குள்ள பில் அடிக்க ஆரம்பிச்சுது. அடுத்த வாரம் எஃப்டிடிஐ சிப் வச்ச யூஎஸ்பி சீரியல் கேபிள் ரெண்டு வாங்கி மாட்டினேன். அந்த சிப்புக்கான டிரைவர் மெயின்லைன் கெர்னலுக்குள்ளயே வருசக்கணக்கா இருக்கு. உள்ள யாராவது ஒரு ஃபங்ஷனை மாத்தினா, அந்த டிரைவரையும் சேத்துத் திருத்தற பொறுப்பு மாத்தினவரோடது. அதுக்கப்புறம் எத்தனையோ அப்டேட் வந்தாச்சு, சித்தப்பா நோட்டை எடுக்கல. ஆனா லினக்ஸைத் திட்டறதை நிறுத்தவும் இல்ல, அது வேற.

கார்டு கம்பெனிக்கு அப்பவே மெயில் போட்டேன். புது மாடல் வாங்கிக்கச் சொல்லிப் பதில் வந்துச்சு.

திட்டணும்னு இருக்கறவங்க கீழ தாராளமாத் திட்டலாம், ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க. ஒரே ஒரு வேண்டுகோள். உங்க டிரைவரை ஏன் மெயின்லைனுக்கு அனுப்பலன்னு ஒரு வரி முதல்ல எழுதிட்டு, அப்புறம் ஆரம்பிங்க.