கேக்கட்டும், பதில் சொல்லுவோம்!

தோழர்களே,

2019 டிசம்பர்ல ஜெயிச்ச ஊராட்சி நிர்வாகிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியே முடிஞ்சிடுச்சு. தேர்தல் எப்போ அறிவிச்சாலும், திருவாலங்காடு ஒன்றியத்துல நம்ம பெண் வேட்பாளர்கள் வீடு வீடா போகத்தான் போறாங்க. முதல் தெருவுலயே கேள்வி வரும்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ? எந்த ஊரு? தெலுங்கா, தமிழா? வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

கேட்டவரை உடனே 'எதிர்க்கட்சி ஆளு'ன்னு முத்திரை குத்தாதீங்க. ஊராட்சித் தலைவர் தேர்தல்ல கட்சிச் சின்னமே கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு. அப்போ ஆளைப் பத்திக் கேட்கத்தானே செய்வாங்க?

வழக்கு, சொத்து, படிப்பு: வேட்பாளரோட இந்த விவரங்களைத் தெரிஞ்சுக்கிறது வாக்காளரின் உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2002-லயும் 2003-லயும் தீர்ப்பு சொல்லியிருக்கு. உள்ளாட்சித் தேர்தல்லயும் வேட்புமனுவோட உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கணும். மழுப்ப வேண்டாம், அந்தப் பத்திரத்தோட நகலைக் கையிலயே வச்சிருங்க.

எந்த ஊரு? கல்யாணமாகி வந்தவங்கன்னா அப்படியே சொல்லட்டும். காரைக்கால்ல பொறந்த அம்மையாரைத்தானே திருவாலங்காடு தன் பெருமையா சொல்லிக்குது!

தெலுங்கா, தமிழா? 1953-ல ஆந்திராவோட போன திருத்தணி, ம.பொ.சி. நடத்துன போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் நம்மகிட்ட திரும்பி வந்துச்சு. வீட்டுல தெலுங்கு, கடைத்தெருவுல தமிழ்னு வாழுற குடும்பங்கள் இங்க உண்டு. இதுல மறைக்க என்ன இருக்கு? ரெண்டு மொழியிலயும் ஓட்டுக் கேட்கட்டும்.

வீட்டுக்காரர் என்ன பண்றார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நாமதான். உள்ளாட்சியில பெண்களுக்குப் பாதி இடம்னு 2016-ல சட்டம் வந்தாச்சு. ஆனா பல ஊர்ல நாற்காலி அக்காவுக்கு, செல்போன் மாமாவுக்கு! மக்கள் அதைப் பார்த்துட்டுத்தான் கேட்கிறாங்க. அதனால நோட்டீஸ்ல வீட்டுக்காரர் போட்டோ வேண்டாம். வேட்பாளரோட சொந்த நம்பரைப் போடுங்க. மைக்கை அவங்ககிட்டயே கொடுங்க.

கடைசியா, சாதி. தனி வார்டுன்னா சான்றிதழைத் தேர்தல் அதிகாரி பார்த்துப்பார். அதுக்கு மேல யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நம்ம திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி ஒன்றியம், ஆத்துப்பாக்கம் ஊராட்சி. தலைவர் அமிர்தம் அம்மா தலித்துங்கிறதால 2020 சுதந்திர தினத்துல அவங்களைக் கொடியேற்ற விடலை. செய்தி வெளிய வந்த பிறகு, ஆகஸ்ட் 20-ம் தேதி ஆட்சியர் முன்னிலையில ஏத்துனாங்க. மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்ச ஒருத்தரோட உரிமைக்கு, அஞ்சு நாள் காத்திருக்க வேண்டியிருந்துச்சு!

ஓட்டுப் போடுறதுக்காகக் கேட்கிற கேள்வி வேற, ஒதுக்கி வைக்கிறதுக்காகக் கேட்கிற கேள்வி வேற. முதல் கேள்விக்கு வேட்பாளர் பொறுமையா பதில் சொல்லட்டும். ரெண்டாவது கேள்வி வரும்போது அவங்களைத் தனியா நிக்க விடாதீங்க. ஜெயிக்கிற வரைக்கும் மட்டுமில்ல, ஜெயிச்சு அவங்க கொடியேத்துற நாள்லயும் கூட நில்லுங்க.

உங்க வார்டு வாட்ஸ்அப் குரூப்ல இதைப் பகிருங்க தோழர்களே.

#நம்மஊர்_நம்மவேட்பாளர்